ஈரலுக்குப் பரவிவிட்டதா? கதை முடியவில்லை!

"பெரிய குடலில் புற்று நோய். ஈரலுக்கும் பரவி இருக்கிறது."

டாக்டர் இப்படிச் சொன்னதும் குடும்பமே ஆடிப் போய்விடுகிறது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டு அழுகிறார்கள். "அப்பா காதுக்கு இது போகக் கூடாது, டாக்டர்" என்று மூத்த மகன் கெஞ்சுகிறான். உடன் வந்த தாய் மாமா ஒரு முடிவே சொல்லி விடுகிறார்:-

"இனிமேல் வைத்தியம் எதற்கு? பணம்தான் பாழ். ஊருக்கு அழைத்துப் போய், ஆசைப்பட்டதைச் சமைத்துப் போடுவோம்."

மாமா கெட்டவர் அல்ல. அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. ஈரலுக்குப் பரவிய குடல் புற்றுக்கு அன்று மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை.

இன்று?

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஸ்லோன் கெட்டரிங் என்ற பெரிய புற்று நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. குடலில் இருந்து ஈரலுக்குப் பரவிய புற்றை அங்கே வெட்டி எடுத்துக் கொண்ட 612 பேரின் கணக்கு 2007-ம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களில் 102 பேர், ஆபரேஷன் முடிந்து 10 ஆண்டு கடந்த பிறகும் உயிரோடு இருந்தார்கள்!

ஆறில் ஒருவர். "இவ்வளவுதானா?" என்று கேட்கலாம். ஒருவர்கூடப் பிழைக்க மாட்டார் என்று கைவிடப்பட்ட நோயில் ஆறு பேரில் ஒருவர் பிழைத்தார் என்றால், அது சின்னச் செய்தி அல்ல.

எல்லாருக்கும் இந்த ஆபரேஷன் முடியாது. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் முடியுமா, முடியாதா என்று கேட்காமலே ஊருக்கு வண்டி ஏறி விடுகிறார்களே, அதுதான் கொடுமை.

ஏன் ஈரலுக்கு?

உடம்பில் எத்தனையோ உறுப்பு இருக்கிறது. குடலில் வந்த புற்று ஏன் ஈரலைத் தேடிப் போகிறது?

காரணம், ரத்தம் ஓடும் பாதை. நாம் சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தைக் குடல் உறிஞ்சுகிறது. அந்தச் சத்து ரத்தத்தில் கலந்து, ஒரு பெரிய ரத்தக் குழாய் வழியாக நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்தக் குழாய் வழியாகத்தான் வருகிறது. இதை ஈரலின் தலைவாசல் என்று சொல்லலாம்.

குடலில் உள்ள கட்டியில் இருந்து புற்று அணுக்கள் சில பிய்த்துக் கொண்டு கிளம்பினால், அவையும் இதே பாதையில் போகின்றன. முதலில் வந்து சேரும் வீடு ஈரல். அங்கே தங்கிக் குடித்தனம் செய்யத் தொடங்கி விடுகின்றன.

ஆகையால் ஈரலில் இருப்பது "ஈரல் புற்று" அல்ல. குடல் புற்றுதான் இடம் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது. குடல் புற்றுக்கு உரிய மருந்தைத்தான் இதற்கும் கொடுப்பார்கள். "இரண்டு புற்று நோய் வந்துவிட்டது" என்று பயப்பட வேண்டாம்.

ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, குடல் புற்று கண்டுபிடிக்கப்படும் போதே அது வேறு உறுப்புக்குப் பரவி இருக்கிறது. மலத்தில் ரத்தம் போனால், "மூலம்தான், மோர் குடித்தால் சரியாகிவிடும்" என்று மாதக் கணக்கில் சும்மா இருப்பதும் இதற்கு ஒரு காரணம். மூலமாகவே இருக்கலாம். டாக்டர் பார்த்துச் சொல்லட்டுமே!

புழு காட்டிய வழி

ஈரலில் கத்தி வைக்க ஒரு காலத்தில் பெரிய பெரிய டாக்டர்களே நடுங்கினார்கள். ஈரல், ரத்தத்தில் ஊறிய பஞ்சு போன்றது. எங்கே வெட்டினாலும் ரத்தம் கொட்டும். உள்ளே எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. வழி தெரியாத காட்டில் இருட்டில் நடப்பது போன்ற நிலைமை.

காட்டுக்குள் வழி கண்டவர்களில் ஒருவர், வியட்நாம் நாட்டு ஏழை எளியவர்களின் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு மருத்துவ மாணவர்.

அவர் பெயர் தோன் தாத் துங். 1912-ம் ஆண்டில் பிறந்தவர். அப்போது வியட்நாம், பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்தது.

1935-ம் ஆண்டில், ஹனாய் நகர ஆஸ்பத்திரியில் இறந்து போன ஒருவருடைய உடலை அவர் அறுத்துப் பரிசோதித்தார். ஈரலைத் திறந்தவர் திகைத்துப் போனார். உள்ளே பித்தக் குழாய்கள் எல்லாம் புழுக்கள்! குழந்தைகளுக்கு வயிற்றில் இருக்குமே, அதே நாக்குப் பூச்சிதான். குழாய்க்குள் புகுந்து, குழாயை உப்பவைத்து இருந்தது.

மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக் கொண்டு மூடி இருப்பார்கள். துங் மூடவில்லை. குழாய்கள் உப்பி இருந்ததால் அவை போகும் வழி நன்றாகத் தெரிந்தது. சதையை மெல்லச் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொரு குழாயும் எங்கே கிளை பிரிகிறது என்று பார்த்துப் படம் எழுதிக் கொண்டார்.

ஒரு ஈரலோடு விடவில்லை. அடுத்த நாலைந்து ஆண்டுகளில் 200-க்கு மேற்பட்ட ஈரல்களை இப்படிச் சுரண்டிப் பார்த்துவிட்டார்! பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. கத்தி, கண், பொறுமை, இந்த மூன்றுதான்.

1939-ம் ஆண்டில், ஈரலின் ஒரு பகுதியை வழி தெரிந்து வெட்டி எடுத்த ஆபரேஷனைப் பற்றித் தம் தலைமை டாக்டரோடு சேர்ந்து எழுதினார். அப்போது அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. பிறகு போர் வந்தது. துங் காட்டுக்குப் போய், விடுதலைப் படையினருக்கு வைத்தியம் பார்த்தார். சண்டை ஓய்ந்ததும் மறுபடியும் ஈரல்!

ஈரல் சதையை விரலால் மெல்ல நசுக்கிப் பிரித்து, தட்டுப்படும் குழாய்களை மட்டும் கண்டுபிடித்துக் கட்டிவிடுவது அவர் முறை. 1963-ம் ஆண்டில் லண்டன் மருத்துவப் பத்திரிகையான 'லான்செட்' அதை வெளியிட்டது. 1977-ம் ஆண்டில் பாரீஸ் நகர அறுவை மருத்துவக் கழகமே அவருக்குப் பதக்கம் கொடுத்தது. தம் நாட்டை அடக்கி ஆண்டவர்கள் கையாலேயே பதக்கம் வாங்கினார் துங்!

எட்டு அறை வீடு

பாரீஸ் நகரத்திலும் ஒருவர் இதே வேலையில் இறங்கி இருந்தார். அவர் பெயர் குயினோ. ஈரலின் ரத்தக் குழாய்களுக்குள் பிசின் போன்ற பொருளை ஊற்றி இறுக வைப்பார். பிறகு சதையைக் கரைத்து விடுவார். கிளை விரித்த மரம் போலக் குழாய்கள் மட்டும் நிற்கும்!

1957-ம் ஆண்டில் அவர் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஈரல் ஒரே பிண்டம் அல்ல, எட்டுப் பகுதி சேர்ந்த வீடு என்று அதில் காட்டினார். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ரத்தக் குழாய். தனிப் பித்தக் குழாய். ஒரு அறையை இடித்தாலும் பக்கத்து அறை விழாது.

இன்று உலகம் முழுவதும் ஸ்கேன் படத்தைப் பார்த்து, "கட்டி ஆறாம் பகுதியில் இருக்கிறது, ஏழாம் பகுதியில் இருக்கிறது" என்று டாக்டர்கள் பேசிக் கொள்கிறார்களே, அது குயினோ போட்ட நம்பர்தான்.

வெட்டினாலும் வளரும்

ஈரலுக்கு ஒரு அதிசய குணம் உண்டு. கை போனால் கை முளைக்காது. ஈரல் போனால் மிச்சம் இருப்பது வளரும்!

1931-ம் ஆண்டில் அமெரிக்காவில் எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். மிச்சம் இருந்த ஒரு பங்கு, சில வாரங்களுக்குள் பழைய எடைக்கு வந்துவிட்டது. மனிதர்களுக்கும் அப்படியே. நல்ல ஈரலாக இருந்தால் முக்கால் பங்கு வரை எடுத்தாலும், மீதி கால் பங்கு வேலையைத் தாங்கிக் கொள்ளும். மாதக் கணக்கில் வளர்ந்தும் விடும். வெட்டிய துண்டு மறுபடி முளைப்பது இல்லை. மிச்சம் உள்ள துண்டு பருக்கிறது.

குடித்துக் குடித்துக் கல்லாகிப் போன ஈரலுக்கு இந்தச் சக்தி குறைவு. இதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

மிச்சம் இருக்கப் போகும் துண்டு மிகவும் சிறியதாக இருந்தால் என்ன செய்வது? அதற்கு ஜப்பானிய டாக்டர் மகூச்சி முதலியவர்கள் 1980-களில் ஒரு தந்திரம் செய்தார்கள். வெட்டப் போகும் பக்கத்துக்குப் போகும் வாசல் ரத்தக் குழாயை முன்கூட்டியே அடைத்து விட்டார்கள். ரத்தம் முழுவதும் நல்ல பக்கத்துக்குத் திரும்பியது. வாய்க்காலை மடை மாற்றினால் அடுத்த வயல் செழிப்பது போல, நல்ல பக்கம் சில வாரங்களில் பருத்தது. பிறகு கெட்ட பக்கத்தைத் தைரியமாக வெட்டி எடுத்தார்கள்.

கள்ள நோட்டு!

பரவிய நோயோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் நாளே ஆபரேஷன் செய்ய முடிவது இல்லை. கட்டி பல இடத்தில் இருக்கும். அல்லது பெரிய குழாயை ஒட்டி இருக்கும். அவர்களுக்கு முதலில் மருந்து. "கீமோ" என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான்.

இந்த மருந்துகளில் மூத்தது 1957-ம் ஆண்டில் வந்தது. கண்டுபிடித்தவர் அமெரிக்க விஞ்ஞானி ஹைடல்பெர்கர். எலியின் ஈரலில் உள்ள புற்று, 'யூராசில்' என்ற ஒரு பொருளை நல்ல சதையைவிட அதிகமாகப் பிடுங்கித் தின்கிறது என்று தெரிய வந்திருந்தது. ஹைடல்பெர்கர் அந்தப் பொருளைப் போலவே ஒரு போலியைச் செய்தார். ஒரே ஒரு அணுவை மட்டும் மாற்றி, அங்கே புளூரின் என்ற பொருளை ஒட்டினார்.

திருடன் கள்ள நோட்டை நல்ல நோட்டு என்று நம்பி வாங்கிக் கொண்டு மாட்டிக் கொள்வது போல, புற்று அணு இந்தப் போலியைத் தின்றுவிட்டுப் பெருக முடியாமல் சாகிறது. 'பைவ் எப்.யு.' என்று டாக்டர்கள் சொல்லும் இந்த மருந்துக்கு வயது 60-க்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை! இதையே மாத்திரையாகவும் தருகிறார்கள்.

இதோடு கூட்டுச் சேர்ந்தவர் இருவர். ஒன்று, 'ஆக்சாலிபிளாட்டின்'. நகைக்கடைப் பிளாட்டினம்தான் இதில் இருக்கிறது. 1976-ம் ஆண்டில் ஜப்பானில் நகோயா நகரத்தில் செய்யப்பட்டது.

மற்றொன்று, 'இரினோடிகான்'. இதற்கு மூலம் சீன நாட்டு மரம் ஒன்று. சீனர்கள் அதை "மகிழ்ச்சி மரம்" என்று அழைக்கிறார்கள். அதில் உள்ள சரக்கை 1966-ம் ஆண்டில் அமெரிக்காவில் பிரித்து எடுத்து அறிவித்தவர்கள் வால், வாணி என்ற இருவர். வாணி மராட்டிய மாநிலத்தில் பிறந்தவர். அதே சரக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு நாற்ற மரத்திலும் ஏராளமாக இருக்கிறது என்று 1972-ம் ஆண்டில் எழுதியவர் கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராகவும், முதல்வராகவும் இருந்தவர்!

அந்தச் சரக்கில் இருந்து ஜப்பானியர் மருந்து செய்தார்கள். குடல் புற்றுக்கு அதைக் கொடுக்க 1996-ம் ஆண்டில் அமெரிக்கா அனுமதி அளித்தது.

முடியாது என்றவர்களுக்கும்...

பாரீஸ் அருகே வில்ஜூயிப் என்ற ஊரில் டாக்டர் பிஸ்முத், டாக்டர் ஆடம் என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள். "வெட்ட முடியாது என்று சொன்னோமே, மருந்து கொடுத்த பிறகு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என்ன?"

பார்த்தார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கி, கத்திக்கு இடம் கிடைத்து இருந்தது. 2004-ம் ஆண்டில் வெளியான கணக்கு இது: ஆபரேஷனுக்கு லாயக்கு இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்கள் 1,104 பேர். மருந்துக்குப் பிறகு ஆபரேஷன் செய்ய முடிந்தவர்கள் 138 பேர். அந்த 138 பேரில் மூன்றில் ஒருவர் ஐந்தாண்டு தாண்டினார்கள்.

ஆகவே, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அல்ல, இரண்டு. "இப்போது வெட்ட முடியுமா?" என்பது முதல் கேள்வி. "முடியாது என்றால், மருந்துக்குப் பிறகு முடியுமா? ஈரல் ஆபரேஷன் செய்கிற டாக்டர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டாரா?" என்பது இரண்டாவது. மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக் கொள்ள மாட்டார்.

கட்டி சிறியதாக, 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால், வயிற்றைத் திறக்காமல் ஊசி செலுத்திச் சூட்டினால் பொசுக்கும் முறையும் இருக்கிறது. வெட்டுவதும் பொசுக்குவதும் சமம்தானா என்று நெதர்லாந்து நாட்டில் சோதித்தார்கள். சிறு கட்டிகளுக்குப் பொசுக்குவது குறைந்தது அல்ல, தொல்லையும் குறைவு என்று 2024-ம் ஆண்டில் தெரிந்தது.

இன்னும் ஒரு படி மேலே, ஈரலையே மாற்றுவது! நோய் ஈரலில் மட்டும் இருந்து, மருந்துக்குக் கட்டுப்பட்டு, ஆனால் வெட்ட வழி இல்லாத 94 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு 13 பேர். மருந்தோடு மாற்று ஈரலும் என்று ஒதுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 57 பேர். இதுவும் 2024-ம் ஆண்டுச் செய்தி. பொறுக்கி எடுத்த சிலருக்குத்தான் இது பொருந்தும். தானம் கொடுக்க ஈரலும் வேண்டும் அல்லவா!

மருந்து தொடங்கும் முன், புற்றின் துண்டை எடுத்து அதன் "ஜாதகத்தை"ப் பார்ப்பார்கள். அந்தச் சோதனைக்குக் காசைப் பார்க்காதீர்கள். சில விலை உயர்ந்த ஊசிகள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வேலையே செய்யாது. சோதனை செய்தால் வீண் செலவு மிச்சம். நூற்றில் நாலைந்து பேருடைய புற்று வேறு ஜாதி. அவர்களுக்கு உடம்பின் சொந்தப் படையைத் தூண்டிவிடும் புது மருந்து நன்றாகப் பிடிக்கிறது. யார் அந்த நாலைந்து பேர் என்பதைச் சோதனைதான் சொல்லும்.

அடுப்படியில் பாதி வைத்தியம்

கீமோ பெரும்பாலும் 15 நாளைக்கு ஒரு தடவை. சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் ஏறும். பிறகு சிறு புட்டி ஒன்றை மார்பில் மாட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். 46 மணி நேரம் அது சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். அப்புறம் நடப்பது எல்லாம் வீட்டில்தான்.

பிளாட்டினம் மருந்து ஏறியவருக்குக் குளிர்ச்சி ஆகாது. பிரிஜ்ஜைத் திறந்து பாத்திரத்தைத் தொட்டால் விரலில் முள் குத்தும். ஐஸ் தண்ணீர் குடித்தால் தொண்டை அடைத்து, மூச்சே நின்றுவிடும் போல இருக்கும். இது தெரியாமல், "பாவம், வெயிலில் வந்திருக்கிறாரே" என்று மருமகள் குளிர்ந்த மோர் கொடுப்பாள். அவர் அலறுவார். வீடே அலறும்! அந்தச் சில நாட்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

விரல் மரத்துப் போய், சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை, காலில் செருப்பு நழுவுவது தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் குறைப்பார்; அல்லது நிறுத்துவார். சொல்லாமல் விட்டால் மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடலாம்.

மரத்து மருந்து வயிற்றோட்டம் கொடுக்கும். டாக்டர் முன்கூட்டியே மாத்திரை எழுதிக் கொடுத்து இருப்பார். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் பொட்டலம் வீட்டில் தயாராக இருக்கட்டும். ஓட்டம் நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலும் அப்படியே. கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால், நள்ளிரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களைக் குறைத்து விடுகிறது. சாதாரணக் கிருமிகூட அன்று யமனாகும். வீட்டில் காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் போர்த்திப் படுக்க வைப்பது, திருடன் வந்த வீட்டில் விளக்கை அணைப்பது போல.

சாப்பாடு? இதில்தான் ஆளுக்கு ஒரு யோசனை. "சர்க்கரை புற்றுக்குத் தீனி, அடியோடு நிறுத்து" என்பார் ஒருவர். "முட்டை சூடு, மீன் ஆகாது" என்பார் இன்னொருவர். எல்லாவற்றையும் நிறுத்தி நிறுத்தி, நோயாளி எலும்பும் தோலுமாகிறார். எடை குறைந்தால் மருந்தைத் தாங்கும் சக்தியும் குறைகிறது. நீரிழிவு இல்லாதவர் காப்பியில் போடும் சர்க்கரைக்குப் பயப்பட வேண்டாம். முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் வேண்டும். தட்டு நிறையப் போட்டு மிரட்டாமல், இரண்டு மணிக்கு ஒரு தடவை இரண்டு கவளம் கொடுப்பது நல்லது. வாய்ப் புண் இருந்தால் காரம் குறைத்துக் குழைந்த சாதம். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பு.

கண் மஞ்சளித்தால் உடனே கீழாநெல்லியை அரைத்து, பத்தியம் போட்டு உட்கார்ந்து விடுகிறார்கள். இந்த நோயாளிக்கு அது கூடாது. இவருடைய மஞ்சள், கட்டி பித்தக் குழாயை நெருக்குவதால் வந்ததாக இருக்கலாம். அப்படியானால் உள்ளே சிறு குழாய் வைத்து அடைப்பை எடுத்து விட முடியும். பச்சிலையில் பத்து நாள் போனால், அந்த வாய்ப்பும் போகக் கூடும். பெயர் தெரியாத சூரணம், லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். அதையும் சலித்துப் பிரிக்க வேண்டியது அதே நொந்த ஈரல்தான்.

"ஒன்றும் இல்லை, டாக்டர்"

டாக்டர் கேட்பார்: "எப்படி இருக்கிறீர்கள்?"

நோயாளி சொல்வார்: "ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன்."

வீட்டில் இரவு முழுவதும் வாந்தி. ஆனால் டாக்டர் முகத்தைப் பார்த்ததும், "பெரியவருக்கு ஏன் சிரமம்?" என்று மறைத்து விடுகிறார். நம்மவர்களிடம் இது ஒரு மரியாதை!

இந்த மரியாதை எவ்வளவு விலை பிடிக்கிறது என்று நியூயார்க்கில், முன்பு சொன்ன அதே ஆஸ்பத்திரியில் கணக்குப் பார்த்தார்கள். புற்று நோய் பரவிய 766 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்கள் தங்களுக்கு என்ன தொல்லை என்பதை அடிக்கடி கம்ப்யூட்டரில் குறித்து அனுப்பினார்கள். தொல்லை முற்றியதும் நர்சு கூப்பிட்டு விசாரித்தார். அவ்வளவுதான், புது மருந்து எதுவும் இல்லை.

வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் பாதிப் பேர் 26 மாதம் தாண்டினார்கள். குறித்து அனுப்பியவர்களில் பாதிப் பேர் 31 மாதம் தாண்டினார்கள். ஐந்து மாதம் அதிகம்!

கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் என்ன? வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பேத்தி இருக்கிறாள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அவளே எழுதி வைப்பாள். "காலை இரண்டு இட்லி. மாலை வாந்தி. இரவு தூக்கம் இல்லை. வயிற்றுப் போக்கு நாலு தடவை." அந்த நோட்டை டாக்டர் மேஜையில் வைத்தால் போதும், தாத்தா வாயைத் திறக்க வேண்டாம்.

வலி

ஈரலைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. கட்டி வளர்ந்து உறையை இழுக்கும்போது வலது விலாவில் வலிக்கிறது. சிலருக்கு வலது தோளில் வலிக்கிறது. தோளுக்குத் தைலம் தேய்த்துப் பயன் இல்லை. வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சிறு அளவில் கொடுத்தால் அந்த வலி நன்றாகக் கேட்கிறது.

கடும் வலிக்கு மார்பின். "ஐயோ, அபினி மருந்தா? அடிமை ஆகிவிடுவாரே!" என்று பயப்படுகிறார்கள். புற்று வலிக்கு, டாக்டர் சொன்ன அளவில், மணி தவறாமல் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டியது இல்லை. 1986-ம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் இதை எழுதி, வலிக்கு ஏற்றபடி படிப்படியாக எப்படிக் கொடுப்பது என்று காட்டிவிட்டது. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, வருமுன் கொடுக்க வேண்டும். மார்பின் மலத்தைக் கட்டும். அதற்கு இளக்கும் மருந்தும் கூடவே வேண்டும். பலர் வலி மாத்திரையை நிறுத்துவது வலி தீர்ந்ததால் அல்ல, மலம் கட்டியதால்தான்!

இந்த வைத்தியத்தில் இந்தியாவுக்கு வழிகாட்டியது கோழிக்கோடு. 1993-ம் ஆண்டில் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் அங்கே வலி நிவாரணச் சங்கம் தொடங்கினார்கள். பிறகு அக்கம் பக்கத்து மக்களே பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள். வலி நிவாரண டாக்டரைப் பார்ப்பது என்றால் "கைவிட்டுவிட்டார்கள்" என்று அர்த்தம் அல்ல. கீமோ நடக்கும்போதே, முதல் மாதத்திலேயே அவரைப் பார்க்கலாம்.

கீமோவினால் இனிப் பயன் இல்லை என்ற நாளும் சிலருக்கு வரும். மருந்துக்கு மேல் மருந்து மாற்றியும் கட்டி வளரும். உடம்பு தாங்காது. அப்போது ஊசியை நிறுத்துவதும் வைத்தியம்தான். வயிற்றில் நீர் கோத்தால் இறக்கிவிடலாம். பகலில் ஓயாமல் தூங்கி, பேச்சுத் தடுமாறினால் ஈரல் களைத்துவிட்டது என்று பொருள். அதற்கும் மருந்து உண்டு. அரிப்பு, விக்கல், வாய் உலர்தல் எல்லாவற்றுக்கும் ஏதாவது செய்ய முடியும்.

சொல்லலாமா?

"அப்பா காதுக்குப் போகக் கூடாது" என்று மூத்த மகன் சொன்னானே, அதைப் பற்றி ஒரு வார்த்தை.

பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரியும். தலைமுடி உதிர்கிறது, ஆஸ்பத்திரி வாசலில் "புற்று நோய்" என்று பெரிய பலகை தொங்குகிறது, அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதா? பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று அவர் தெரியாதவர் போல இருக்கிறார். அப்பா மனம் நோகக் கூடாது என்று பிள்ளைகள் சிரித்துப் பேசுகிறார்கள். இரண்டு பக்கமும் நாடகம்! நடுவில், நிலப் பத்திரம் எங்கே இருக்கிறது, பாங்கிக் கணக்கு யார் பேரில் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். அவர் கேட்ட அளவுக்குச் சொன்னால் போதும். "ஈரலில் கட்டி இருக்கிறது அப்பா. மருந்து கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். சுருங்கினால் ஆபரேஷன் செய்யலாமாம்." இது பொய்யும் அல்ல, இடியும் அல்ல.

சொல்லிவிட்ட வீட்டில் காரியங்கள் எளிதாக நடக்கின்றன. ஊசி போட்ட முதல் வாரம் உடம்பு தளரும், இரண்டாவது வாரம் தேறும் என்று அவருக்கே தெரிந்து விடுகிறது. கடைசிப் பெண்ணின் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது, ஜோசியர் சொன்ன தேதிகளைக் கேட்டுக் கொண்டு, காலண்டரைக் கொண்டுவரச் சொல்லி, தாமே எண்ணிப் பார்க்கிறார். "முதல் தேதி வேண்டாம், ஊசி வாரம். அடுத்த முகூர்த்தத்தில் வையுங்கள். மணையில் உட்கார்ந்து தாரை வார்க்கத் தெம்பு இருக்கும்."